வியர்க்கிற காலுக்கு எந்தச் சப்பாத்து?

புக்கிட் காசிங் சிவன் கோயிலில் சப்பாத்தைக் கழற்றிப் போடும் இடத்துக்கும் கால் கழுவும் குழாய்க்கும் நடுவே பத்தடிக்குச் சிமெண்டுத் தரை. காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கிவிட்டு வருகிறவர்கள் அந்தப் பத்தடியை வெறுங்காலோடு கடந்துதான் ஆக வேண்டும். மற்றவர்கள் கடந்தால் தரை சும்மா இருக்கும். நான் கடந்தால் ஐந்து விரலும் குதிகாலுமாக அச்சு விழும், கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூசையறை வரை மாவில் வைக்கிற கண்ணன் பாதம் மாதிரி. "தம்பி, எந்த ஆத்துல எறங்கிட்டு வர்ற?" என்று மாமா கேட்டார். ஆறும் இல்லை, மழையும் இல்லை. அன்றைக்கு நல்ல வெயில்.

கேட்டது கிண்டலுக்குத்தான். ஆனால் மலையிறங்கும்போது அவரே, "எனக்கும் இப்பல்லாம் கால் ஊறிப்போயிடுது. புதுசா ஒரு சோடி வாங்கணும். எது வாங்கலாம்?" என்றார். அந்த மாதமே இன்னும் இரண்டு பேர் அதே கேள்வியோடு வந்தார்கள். கிள்ளானில் இருக்கும் சித்தி மகள், அலுவலக நண்பர்களோடு நுவாங் மலை ஏறப் பெயர் கொடுத்துவிட்டு, "அண்ணே, கடையில இதத்தான் வாங்கச் சொல்றாங்க" என்று எண்ணூறு வெள்ளி பூட்ஸின் படத்தை அனுப்பினாள். பினாங்கில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், தினமும் விடிகாலையில் தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஜீப் ரோட்டில் ஏறுகிறவன். விரலிடுக்கு வெந்துபோய் கிளினிக்குக்குப் போய் வந்திருந்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சப்பாத்து போட்ட நாளிலிருந்தே வியர்வைக்கால்காரன். உள்பக்கம் மஞ்சள் பூத்து, அம்மா எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. இந்தக் காலுக்காக நான் வீணாக்கிய காசுக்கு ஒரு பழைய மோட்டார் வாங்கியிருக்கலாம். அந்தக் காசு மூன்று பேருக்காவது உதவட்டும்.

## எதை வைத்து எடை போடுவது

கடையில் முதல் கேள்வியே "வாட்டர்ப்ரூஃப் வேணுமா?" என்பதுதான். தண்ணீர் வெளியே இருந்து வருகிறவர்களுக்கு அது சரியான கேள்வி. நமக்குத் தண்ணீர் உள்ளேயே ஊறுகிறது. உடம்பில் வியர்வைச் சுரப்பி மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்கால் ஒன்று. வெயிலுக்கும் சுரக்கும், பதற்றத்துக்கும் சுரக்கும். கோலாலம்பூரில் பகல் வெப்பம் 32, 33 பாகை, காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி. ஏற்கெனவே நனைந்திருக்கும் காற்று நம் வியர்வையை எங்கே கொண்டுபோய் வைக்கும்? ஆகவே கால் நனையாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். எந்தச் சப்பாத்தும் அதைத் தராது. நனைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

நான் பார்ப்பது இவ்வளவுதான். உள்ளே ஊறிய தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது. மறுநாள் காலைக்குள் காய்கிறதா. வெயில் விழாத அடுக்குமாடி பால்கனியில் காய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஈரக்கால் உள்ளே வழுக்குகிறதா. இறக்கத்தில் கால் முன்னே சரிந்து பெருவிரல் நகம் கறுத்துப்போவது இதனால்தான். நம்முடைய செம்மண் சேற்றிலும் வேரிலும் தார் ரோட்டிலும் பிடிக்கிறதா. கடைசியாக, விலைச்சீட்டில் எழுதாத செலவு என்ன.

இன்னொன்று உண்டு, வெளிநாட்டு ஒப்பீடுகளில் அதைப் பார்க்க முடியாது. நாம் சப்பாத்தைக் கழற்றுகிற சனம். கோயில், உறவுக்காரர் வீடு, நண்பர் வீடு, எங்கே போனாலும் வாசலில் கழற்ற வேண்டும். வியர்வைக்கு வாடை கிடையாது. அதைத் தின்கிற பாக்டீரியாக்கள் தோலில் இருக்கும் அமினோ அமிலத்தைச் சிதைத்து உண்டாக்கும் ஐசோவலெரிக் அமிலம்தான் அந்தப் பழைய பாலாடை வாடை. ஈரம் காயாத சப்பாத்து அவற்றுக்கு விடுதி. மலையிறங்கி நேராகப் பசியாற ஒருவர் வீட்டுக்குப் போகிற வழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்த அளவுகோல் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

வாடையோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. நாள் முழுக்க ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி மென்மையாகிவிடும். லேசாக உரசினாலே கொப்புளம். அடிக்கடி ஊறினால் விரலிடுக்கில் பூஞ்சை வரும், அல்லது உள்ளங்காலில் ஊசியால் குத்தியது போல் சிறு குழிகள் விழும். குழி விழுந்தால் அது பாக்டீரியா வேலை. பூஞ்சைக் களிம்பைப் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

## கோர்டெக்ஸ் பூட்ஸ்

எனக்கு முதலில் விற்றது இதைத்தான். பெரும்பாலானவர்களுக்கு விற்பதும் இதைத்தான். 1969இல் பாப் கோர் என்பவர், டெஃப்லான் என்று நமக்குத் தெரிந்த பொருளை வெடுக்கென்று இழுத்து விரித்தபோது கிடைத்த படலம் இது. அதன் துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை, நீராவி போகும் அளவுக்குப் பெரியவை. வெளித்தண்ணீர் உள்ளே வராது, உள்ளே இருக்கும் ஆவி வெளியே போகும் என்பது வாக்குறுதி.

வாக்குறுதி பொய் இல்லை. ஆனால் ஆவி தானாக வெளியே போகாது. உள்ளே நீராவி அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் தள்ளிக்கொண்டு போகும். காலருகே 35 பாகையில் நீராவி நிறைந்து நிற்கிறது என்று வையுங்கள். வெளியே 5 பாகைக் குளிரில், 60 விழுக்காடு ஈரப்பதத்தில் நடக்கிறவருக்கு அந்தத் தள்ளுவிசை நன்றாகக் கிடைக்கும். 31 பாகையும் 80 விழுக்காடுமாக இருக்கும் நம் காட்டில் அதில் பாதிகூட இல்லை. போதாக்குறைக்கு வெளித்தோல் மழையில் நனைந்து ஊறிவிட்டால் படலத்துக்கு மேலே தண்ணீர்ப் போர்வை. முழங்கால் அளவு ஓடையில் ஒரு தடவை இறங்கினால் தண்ணீர் மேல்வாய் வழியாகப் புகுந்துவிடும். வெளித்தண்ணீரை உள்ளே விடாத அதே படலம், உள்ளே போனதை வெளியேயும் விடாது. வாளியில் காலை விட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

காய்வதற்கு என் பால்கனியில் இரண்டு பகல், இரண்டு இரவு. மழைக்காலம் என்றால் மூன்று. சனிக்கிழமை ஏறிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற நினைத்தால் ஈரப் பூட்ஸுக்குள்தான் கால் போக வேண்டும்.

மறைந்திருக்கும் பெரிய செலவு அடிப்பாகத்தில் இருக்கிறது. பல பூட்ஸ்களின் நடு அடி, அதாவது காலுக்கும் வெளி அடிக்கும் நடுவில் இருக்கும் மெத்தை, பாலியூரித்தேன் என்கிற நுரை. காற்றில் இருக்கும் ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். போட்டு நடந்தாலும் அறுக்கும், பெட்டிக்குள் வைத்திருந்தாலும் அறுக்கும். எனக்கு நடந்தது நுவாங்கில். நான்கு வருடம் பத்திரமாக வைத்திருந்த சோடி. மொத்தமாகப் பத்து முறை போட்டிருப்பேன். பங்சூன் நுழைவாயிலிலிருந்து கெம் லோலோ வரை போகும் முடிவே இல்லாத அந்த மண் ரோட்டில், இடது அடி முதலையின் வாய் மாதிரி திறந்தது. ராஃபியா கயிற்றால் கட்டிக்கொண்டேன். கால் மணி நேரத்தில் வலதும். உள்ளே இருந்தது ஈரப் பிஸ்கட் மாதிரி விரலில் உதிர்ந்தது. கடைக்காரர், "நீங்க அடிக்கடி போட்டிருக்கணும்" என்றார். எண்ணூறு வெள்ளிப் பொருளுக்கு அந்த அறிவுரையை விற்கும்போதே சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டில் பழைய பூட்ஸ் இருந்தால், மலைக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே நடு அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ பொடி உதிர்ந்தாலோ அதோடு காட்டுக்குள் போகாதீர்கள்.

இவ்வளவு திட்டினாலும் இதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. கினபாலுவின் 4,095 மீட்டர் உச்சியில் விடியற்காலைக் குளிரில், நேப்பாளத்தில், கேமரன் மலையின் குளிர்ந்த பாசிக்காட்டில் இது சொன்ன வேலையைச் செய்யும். 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாசும். அங்கே வியர்வை பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பாரமான பை சுமக்கிறவர்களுக்கும், கணுக்கால் அடிக்கடி பிசகுகிறவர்களுக்கும் உயரமான பூட்ஸ் தைரியம் கொடுக்கும். அப்போதும் கோர்டெக்ஸ் இல்லாத, துணி வைத்த உயரப் பூட்ஸ் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

## வலைத்துணி ட்ரெயில் சப்பாத்து

காட்டில் ஓடுகிறவர்களுக்காகச் செய்தது. கணுக்காலுக்குக் கீழே நிற்கும், மேல்பாகம் வலைத்துணி, அடியில் பல்பல்லாகக் கட்டை. தண்ணீர் உள்ளே வருவதைத் தடுக்க இது எந்த முயற்சியும் செய்யாது. ஓடையில் இறங்கினால் உடனே நனையும். ஏறி ஐம்பது அடி வைப்பதற்குள் ஒவ்வோர் அடிக்கும் பிசுக் பிசுக்கென்று வலை வழியாகப் பிழிந்து வெளியேற்றிவிடும். வியர்வைக்கும் அதே வழிதான்.

மாலை அலசி, உள்ளட்டையை உருவி, பழைய நாளிதழைத் திணித்து வைத்தால் காலையில் காய்ந்திருக்கும், அல்லது காய்ந்ததற்குப் பக்கத்தில் இருக்கும். தமிழ் நாளிதழின் ஞாயிறு மலர் இதற்கு நல்ல தடிமன். படித்து முடித்ததைத்தான் திணிக்கிறேன் என்று இங்கே வாக்குமூலம் கொடுக்கிறேன்.

பார்த்து வாங்க வேண்டும். ஒரே சப்பாத்து ஒரே நிறத்தில் இரண்டு விதமாக வரும். ஒன்றின் பக்கவாட்டில் 'ஜிடிஎக்ஸ்' என்று சின்னதாக எழுதியிருக்கும். அது கோர்டெக்ஸ் ஒட்டியது, நமக்கு ஆகாது. சோதிக்க எளிய வழி: விரல் பகுதியில் வாயை வைத்து ஊதுங்கள். உள்ளே விட்ட கையில் காற்று பட்டால் வாங்கலாம். கடைப்பெண் ஒரு மாதிரி பார்ப்பாள், பார்க்கட்டும். புதுச் சப்பாத்துதானே. வலைமேல் பிளாஸ்டிக் பூச்சு அதிகமாக இருந்தாலும், குதிகால் ஓரத்தில் மெத்தை தடிமனாக இருந்தாலும் வேண்டாம்; அந்த மெத்தைதான் கடைசிவரை காயாத இடம். உள்ளட்டை உருவ வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். ஒட்டிவைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாலையில் போய் வாங்குங்கள், நடந்து வீங்கிய காலோடு. ஆனால் வியர்வைக்கால்காரர்கள் ரொம்பவும் பெரிதாக எடுத்துவிடக் கூடாது. ஈரக்கால் உள்ளே சறுக்கும். மேலே கடைசியாக, எதற்கு என்றே தெரியாமல் ஒரு கூடுதல் ஓட்டை இருக்கிறதே, கயிற்றை அதில் வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு வளையம் செய்து, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுங்கள். குதிகால் பின்னே பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் நகம் தப்பும்.

குறை இல்லாமல் இல்லை. நடு அடி பெரும்பாலும் ஈவிஏ என்கிற வேறொரு நுரை. பாலியூரித்தேன் போல ஈரத்தில் உதிராது, ஆனால் 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மெத்தெனும் தன்மை செத்துவிடும். பார்வைக்குப் புதிதாக இருக்கும், முழங்கால்தான் சொல்லும். பிரம்பு முள் சுண்டுவிரல் பக்கத்தில் வலையைக் கிழிக்கும். நுண்மணல் உள்ளே வரும். வாரம் ஒரு மலை என்றால் ஒன்றரை வருடத்துக்கு ஒரு சோடி என்று கணக்கு வையுங்கள். மலிவு விலைப் பெருங்கடைகளில் 150 வெள்ளியிலிருந்து கிடைக்கும், பெயர்பெற்றவை 400, 500ஐத் தாண்டும். எனக்கு மலிவானதே போதும். கிழிந்தாலும் வயிறு எரியாது.

## கித்தா சப்பாத்து

நண்பர்கள் கேலியாக 'அடிடாஸ் கம்போங்' என்று சொல்வது. முழுக்க முழுக்க வார்த்த ரப்பர், அடியில் குமிழ்கள், பெரும்பாலும் கறுப்பு. இருபது வெள்ளிக்குள் சின்ன ஊர்ச் சாமான் கடையிலும் கிடைக்கும். இன்றைக்கு மலையேறுகிறவர்கள் இதைப் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி படம் போடுகிறார்கள். என் அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போனதே இதில்தான்.

அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன்.

அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு மதியம் லயத்துக்கு வந்ததும் முதல் வேலை, வாசல்படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்ப்பது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு தண்ணீர் படியில் இறங்கும். மழையில்லாத நாளிலும் இறங்கும். அப்புறம் குழாயடியில் உள்ளும் புறமும் அலசி, துணியால் ஒரு துடைப்பு, சுவரில் சாய்த்து வைப்பார். அம்மா குளித்து வருவதற்குள் காய்ந்திருக்கும்.

இந்தச் சப்பாத்தின் சூட்சுமம் அதில்தான். வியர்வையை வெளியேற்றுவதில் இதற்குப் பூஜ்யம். ஒரு துளிகூடப் போகாது. உள்ளே சளக் சளக்கென்று குளம் கட்டும். ஆனால் காய்வதில் எண்ணூறு வெள்ளிப் பூட்ஸ் இதன் பக்கத்தில்கூட வர முடியாது, ஏனென்றால் ஊறுவதற்குத் துணியே இல்லை. வியர்வை முழுவதும் காலுறையில்தான். பாதி வழியில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கவிழ்த்துத் துடைத்து, புதுக் காலுறை மாட்டினால் புதிதாக ஆரம்பித்த மாதிரி. வேறு எந்தச் சப்பாத்திலும் இந்தச் சுகம் கிடையாது; ஈரத் துணிக்குள்தான் புதுக் காலுறையை நுழைக்க வேண்டியிருக்கும். வாடையும் அப்படித்தான், சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

சேற்றில் பிடிப்பு அபாரம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் சும்மாவா போடுகிறார்கள். காற்பந்து விளையாடுகிறவர்கள் போடும் முழங்கால் வரை வரும் தடித்த காலுறை கட்டாயம்; அது இல்லாவிட்டால் உள்ளே கால் மீன் மாதிரி வழுக்கும், ஓரம் கணுக்காலை அறுக்கும். அதற்கு இடம் விட்டு ஓர் அளவு பெரிதாக எடுங்கள்.

தார் ரோட்டில் மட்டும் இதைப் போட்டுக்கொண்டு தூரம் போகாதீர்கள். அடி மெலிது, அரைமணி நேரத்தில் உள்ளங்கால் காந்தும். கூர்க்கல் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லும். வளைவுக்குத் தாங்கல் இல்லாததால் தட்டைப்பாதம் உள்ளவர்களுக்கு முழங்கால் வரை வலி ஏறும். என் பெரியப்பா ஆணியைப் பழுக்கக் காய்ச்சி இரண்டு பக்கமும் நான்கு நான்கு ஓட்டை போட்டு வைத்திருந்தார். தண்ணீர் வடிந்தது உண்மை. சேறும் அதே வழியாக உள்ளே வந்தது, அதுவும் உண்மை.

## வார்ச் செருப்பு

காற்றோட்டத்தில் இதை அடிக்க முடியாது. வெறுங்காலுக்கு அடுத்தபடி இதுதான். பத்துமலையின் 272 படியையும், பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியையும் தைப்பூசத்தில் வெறுங்காலோடு ஏறுகிற நமக்கு அது தெரியும். அன்றைக்கு உடம்பெல்லாம் வியர்த்தாலும் காலில் ஈரம் நிற்பதில்லை.

ஆனால் வியர்வைக்கால்காரர்களுக்கு ஒரு விசேஷச் சிக்கல். வியர்வை ஆவியாகும், சரி. உள்ளங்காலுக்கும் செருப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது ஆவியாகாது. வழவழப்பான மேல்தளம் என்றால் இறக்கத்தில் கால் முன்னால் ஓடி, விரல் செருப்பைத் தாண்டி வெளியே வந்து நிற்கும். சொரசொரப்பான தளமும் குதிகால் வாரும் உள்ளதாக எடுங்கள், மெல்லிய காலுறையோடு போடுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சேறும் வேரும் உள்ள காட்டில் இது வேண்டாம். விரல் அடிபடும், முள் ஏறும். ஓடைத்தண்ணீரில் எலிச்சிறுநீர்க் காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது நுழைவது காயத்தின் வழியாகவும் ஊறி மெலிந்த தோலின் வழியாகவும். அட்டை விஷயத்தில் மட்டும் செருப்புக்காரருக்கு ஒரு லாபம்: ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பூட்ஸ்காரர் வீட்டுக்கு வந்து, காலுறை சிவந்த பிறகுதான் பார்ப்பார்.

பட்டாளத்து காட்டு பூட்ஸ் பற்றியும் கேட்பார்கள். வளைவுப் பக்கம் தண்ணீர் வடியும் கண் வைத்தது, மேலே கான்வாஸ். வடியும், ஆனால் கனம். சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு அவ்வளவு இரும்பு தேவையில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

காயும் நேரம் என் ஆறாம் மாடி பால்கனிக் கணக்கு. விலை உத்தேசம்.

| | கோர்டெக்ஸ் பூட்ஸ் | வலைத்துணி ட்ரெயில் | கித்தா சப்பாத்து | வார்ச் செருப்பு |
|---|---|---|---|---|
| வியர்வை வெளியேற | இங்கே மிக மெதுவாக | வேகமாக | போகவே போகாது | உடனே, அடிப்பக்கம் தவிர |
| காய | 2–3 நாள் | ஓர் இரவு | துடைத்தால் போதும் | சில மணி நேரம் |
| ஈரக்கால் வழுக்கல் | குறைவு | கயிற்றைப் பூட்டினால் குறைவு | தடித்த காலுறை இல்லாவிட்டால் அதிகம் | இறக்கத்தில் அதிகம் |
| சேறு | நன்று | கட்டை ஆழமாக இருந்தால் நன்று | மிக நன்று | மோசம் |
| தார் ரோடு, படி | கனம் | மிக நன்று | கால் காந்தும் | நன்று |
| விலை, வெள்ளியில் | 500–900 | 150–500 | 20க்குள் | 100–400 |
| சொல்லாத செலவு | அடி உதிர்வது | ஒன்றரை வருடத்தில் அடுத்தது | காலுறை, முழங்கால் | விரல் நகம் |

## சப்பாத்தைவிட மலிவான விஷயங்கள்

புதுச் சோடிக்குக் காசு எடுக்குமுன் இரண்டு சோடி நல்ல காலுறை வாங்கிப் பாருங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டுக் காலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மெரினோ கம்பளியும் செயற்கை இழையும் கலந்தது நல்லது. கம்பளி என்றதும் சூடு என்று பயப்படாதீர்கள், மெல்லிய நெசவில் வருகிறது. நனைந்தாலும் வழவழக்காது, வாடையும் சீக்கிரம் பிடிக்காது. விரலிடுக்கு வெந்துபோகிறவர்களுக்கு ஐந்து விரலும் தனித்தனியாக வைத்த காலுறை. போட்டுப் பழக ஒரு வாரம் ஆகும், முதல் நாள் சுண்டுவிரலைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

நடுவழியில் மாற்றுங்கள். நுவாங் என்றால் கெம் லோலோ ஓடையருகே உட்கார்ந்து, காலைத் துடைத்து, ஐந்து நிமிடம் காற்றில் நீட்டிவிட்டு, புதியதை மாட்டுங்கள். அதற்கு மேலே உட்கார இடம் தேடாதீர்கள். அடுத்த முகாமின் பெயர் கெம் பச்சாட். பச்சாட் என்றால் அட்டை.

பவுடர் கொட்டுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. லேசாக வியர்க்கிறவர்களுக்குச் சரி. நமக்கு அது அரைமணி நேரத்தில் மாவுப்பசை. மருந்துக் கடையில் அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வைத் தடுப்பு மருந்து கிடைக்கும். இரவு, நன்றாகக் காய்ந்த காலில் தடவிவிட்டுப் படுத்து, காலையில் கழுவ வேண்டும். வெடிப்போ புண்ணோ இருந்தால் எரியும், தடவாதீர்கள். நம் பெரியவர்கள் படிகாரம் கரைத்த நீரில் காலை வைக்கச் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வகைதான், படிகாரமும் அலுமினிய உப்புதான். கெட்டியான கறுப்புத் தேநீரை ஆறவைத்துக் காலை ஊறவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அம்மா பார்த்திருந்தால், "குடிக்கிறதக் கால்ல ஊத்துறியே" என்று அடித்திருப்பார். இவ்வளவுக்கும் பிறகு, உட்கார்ந்திருக்கும்போதே சொட்டுகிற அளவுக்கு இருந்தால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் சிகிச்சைகூட இருக்கிறது.

ஈரச் சப்பாத்தைக் காடியின் பின்பெட்டியில் மூடி வைத்து மறந்துவிடாதீர்கள். பசையும் போகும், காடியும் நாறும்.

## மூன்று பேரும் என்ன வாங்கினார்கள்

சித்தி மகளை எண்ணூறு வெள்ளியிலிருந்து காப்பாற்றினேன். நுவாங் 1,493 மீட்டர். நீண்ட மண் ரோடு, ஓடை, பிறகு வேரும் சேறுமாக ஏற்றம். ஆழமான கட்டை வைத்த வலைத்துணிச் சப்பாத்தை 180 வெள்ளிக்கு வாங்கினாள். மிச்சக் காசில் காலுறை மூன்று சோடியும், இறங்கி வந்து மாட்டிக்கொள்ள ஒரு ரப்பர் செலிப்பரும். அட்டைக்குத் துணியில் தைத்த முழங்கால் உறையும் எடுத்துப் போனாள். சூடாக இருந்தது என்று பாதியில் கழற்றிவிட்டாள், இரண்டு அட்டை ஏறியது. அவளுடைய நண்பர்களில் ஒருத்தர் கித்தா சப்பாத்தில் வந்து எல்லாருக்கும் முன்னால் இறங்கிப் போய்விட்டாராம். ஆள் தோட்டத்தில் வளர்ந்தவராக இருப்பார்.

பினாங்குத் தம்பி ஏறுவது ஐந்து கிலோமீட்டர் தார் ரோடு. 833 மீட்டர் மலை, சரிவு அதிகம், ஆனால் சேறில்லை, முள்ளில்லை. விரலிடுக்குப் புண் ஆறும்வரை வார்ச் செருப்பும் விரல் காலுறையும். ஆறிய பிறகு இரண்டு சோடி மலிவான வலைச் சப்பாத்தை மாற்றி மாற்றி. தினமும் நடக்கிறவனுக்கு விலை உயர்ந்த ஒன்றைவிட மலிவான இரண்டு மேல். ஒன்று காலில் இருக்கும்போது மற்றது காயும். மூன்கேட் என்கிற இன்னொரு நுழைவாயில் வழியாகக் காட்டுப்பாதையில் போகும் நாளில் மட்டும் செருப்பு கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மாமாவுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடமாக இனிப்புநீர், அதாவது நீரிழிவு. 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய். நம்மவர்களிடம் மற்ற இனத்தவரைவிட அதிகம். இனிப்புநீரால் உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. அதனால் செருப்பும் இல்லை, கித்தாவும் இல்லை, இந்த இரண்டிலும் பேச்சே கிடையாது. விரல் பகுதி அகலமான, மூடிய வலைச் சப்பாத்து. வெள்ளைக் காலுறை, இரத்தம் பட்டால் உடனே தெரிய. போடுமுன் உள்ளே கையை விட்டுக் கல் கிடக்கிறதா என்று தடவ வேண்டும். இரவில் அத்தை விளக்கைப் பிடித்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கோயில் தரை வெயிலில் காய்ந்திருந்தால் வெறுங்கால் வேண்டாம், காலுறையோடு போகலாமா என்று குருக்களைக் கேளுங்கள் என்றேன். "அதெல்லாம் நான் பேசிக்கிறேன்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் புதுச் சப்பாத்தைக் கழற்றினார். நான் சொன்னது போலவே உள்ளட்டை இரண்டையும் உருவி, வெயில் படுகிற சுவர்மேல் வரிசையாக வைத்தார். பக்கத்திலே ஈரக் காலுறை இரண்டு. அர்ச்சனைத் தட்டோடு வந்த ஒரு ஆன்டி நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னாங்க, வடகம் காயப்போட்டிருக்கீங்களா?"